லேபிள் பிரித்த சட்டை

ஜன்னல் வழியே அந்தி வெயில் சரிந்து விழும் இடத்தில் தையல்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகளின் புதுப் பள்ளிச் சட்டை. கடையில் நாள் முழுக்கக் காலரில் லேபிள் வைத்துத் தைக்கிற கை, இப்போது அதே லேபிளை பிளேடு நுனியால் தையல் தையலாகப் பிரிக்கிறது. நூல் நுனி மிஞ்சினாலும் போச்சு, நாளைக்கு வகுப்பில் மகள் பிடரியைப் புண்ணாகும்வரை சொறிவாள். டாக்டர் எக்ஸிமா என்று பெயர் சொன்ன அரிப்பு அது. அறையின் மறுபக்கம் மனைவி, வெதுவெதுப்பான நீரில் குளித்து வந்த மகளைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்கிறாள். ஈரம் காயும் முன்னே முழங்கை மடிப்பிலும் பிடரியிலும் களிம்பு வழவழவென்று படர்கிறது.

"நான் வெண்ணெய் தடவின ரொட்டி!" என்று மகள் நெளிகிறாள்.

"பாத்துங்க, போன தடவை மாதிரி பேச்சு வாக்குல லேபிளைத் திருப்பித் தச்சு வச்சிடாதீங்க" என்கிறாள் மனைவி.

"ஒரு தடவை செஞ்சதுக்கு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவியா?"

காய்த்துப்போன விரலை நம்பாமல், காலரின் உட்புறத்தை உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கிறார் அவர். உறுத்தவில்லை. மகள் சட்டையை மாட்டிக்கொள்கிறாள். உடனே, பழக்கத்தில், அவள் கை பிடரிக்குப் போகிறது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். விரல்கள் காலருக்குள் துழாவுகின்றன. சொறிய ஒன்றும் அகப்படவில்லை. களிம்போடு திரும்பி வந்த அந்தக் கை, அப்பாவின் மடியில் கிடக்கும் லேபிளை எடுத்து அவர் நெற்றியில் பச்சென்று ஒட்டுகிறது.