வெருகல் வழி

"தனியாத்தான் போவனெண்டால் போ. ஆனால் வெருகல் றோட்டாலை போ, நல்ல சனம்" என்று சொல்லித்தான் அம்மா வழியனுப்பினார்.

திருகோணமலையிலிருந்து பொத்துவில் வரை சைக்கிள் பயணம். தோப்பூர் தாண்டியதும் ஆளரவமற்ற வெட்டைவெளி. தார் உருகும் வெயில். தண்ணீர்ப் போத்தலும் காலி. நாக்கு வறண்டு வந்த திலக்சனை, வெருகலுக்குக் கிட்ட ஒரு வீட்டுப் படலையடியில் நின்றவர் மறித்தார்.

"வெயிலுக்கை ஓடாதேங்கோ தம்பி, உள்ளை வாங்கோ. நான் பாக்கியரத்தினம்."

இளநீர் வந்தது. பிறகு மீன்குழம்பும் சோறும் வந்தன. முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு அன்பா! திலக்சனுக்குக் கண் கலங்கியது.

"குடி, வெறி ஏதும் இருக்கோ?"

"சீச்சீ, இல்லை ஐயா."

"வேலை நிரந்தரமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் இப்பிடித் தனியா அலையிறியள்?"

இனிமேல் காணப்போகாத மனிதர்தானே என்று, வீட்டில் சொல்லாததை அவரிடம் சொன்னான். மட்டக்களப்பில் லோஜினி இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் இந்தச் சைக்கிள் கூத்து.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ஐயா."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

வெருகல் பாலத்தில் ஏறும்போதே அம்மா கைபேசியில் அழைத்தார்.

"பாக்கியரத்தினத்தார் தன்ரை மகளுக்கு மாப்பிளை பேச உன்னை நேரில பாக்கோணுமெண்டு கேட்டுத்தானே அந்த வழியால அனுப்பினனான். இப்ப மனுசன் சம்பந்தம் வேண்டாமெண்டிட்டார்!"

திலக்சன் பாலத்தின் நடுவிலேயே சைக்கிளை நிறுத்தினான்.

"பெத்த நீங்களே என்னை ஏமாத்திப்போட்டியளே அம்மா!"

"ஆர் ஆரையடா ஏமாத்தினது? லோஜினி ஆர்?"