ஐந்தாவது ஆட்டக்காரி

"அந்தப் பொண்ணு சரிப்பட்டு வரமாட்டா, மார்ஜ். சொன்னா சொன்னதைக் கேக்க மாட்டேங்குறா."

லோர்னா ஹாவர்காம்ப் தன் காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியின் தடுப்பாட்டத்துக்கு ஒன்பது வருடமாக அவள்தான் பொறுப்பு. எதையும் எண்ணிக் குறித்துவைக்காமல் பேசமாட்டாள்.

தலைமைப் பயிற்சியாளர் மார்ஜ் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி கேட்டாள். "கெஸையாவா? மெம்ஃபிஸ் காலேஜுல அவதானே தடுப்பாட்டத்துல முதல் ஆளு? அதனாலதானே கெஞ்சிக் கூத்தாடி நம்ம காலேஜுக்கு மாத்திக் கூட்டிட்டு வந்தோம்?"

"அங்க யாரோ செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க. இந்த வாரம் மட்டும் நாப்பத்தொரு தடவை கத்தினேன். பந்து வெச்சிருக்கிறவளை இடது பக்கம் அடைன்னா வலது பக்கம் ஓடறா. வலதுன்னா இடது. முப்பத்தெட்டு தடவை எதிர்ப்பக்கம்!"

"மீதி மூணு?"

"தடுக்கி விழுந்தா. சரியான பக்கம் விழுந்தா."

மார்ஜ் சிரித்துவிட்டாள். லோர்னா சிரிக்கவில்லை.

"நம்ம பழைய பொண்ணுங்க நாலு பேரையும் பாரு. நான் வாயைத் திறந்தா போதும், டக்குனு நான் நினைச்ச இடத்துல நிப்பாங்க. சனிக்கிழமை மேட்சுக்கு அஞ்சாவது ஆளா இவளை இறக்கினா மொத்தக் கட்டும் குலைஞ்சுடும். பெஞ்சுல உக்காரட்டும்."

கெஸையாவுக்கு இது கடைசி வருடம். இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால், பெஞ்சிலிருந்தே எழுந்துபோய்ப் பட்டம் வாங்கவேண்டியதுதான். மார்ஜுக்கு அது தெரியும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

கெஸையா வியர்வையோடு வந்து நின்றாள். நல்ல உயரம். அறைக் கதவுக்குக் குனிய வேண்டியிருந்தது.

"ஏம்மா, லோர்னா கோச் சொல்றதை நீ கேக்கறதில்லையாமே?"

"அவங்க சொல்றதைத்தான் கோச் செய்யறேன்."

"பாத்தியா? வாயும் ஜாஸ்தி!" என்றாள் லோர்னா.

"இடதுன்னாங்க, இடது பக்கம் போனேன். அதுக்குத் திட்டினாங்க. மறுபடி இடதுன்னாங்க, இன்னும் வேகமாப் போனேன். இன்னும் வேகமாத் திட்டினாங்க. நானும் என்னதான் கோச் பண்றது? ராத்திரி ரூம்ல கையில மையால எழுதிப் பாத்தேன், எது இடதுன்னு. சின்னப் புள்ளையிலிருந்து தெரிஞ்சது இந்த ஊருக்கு வந்து மறந்துபோச்சோன்னு ஆயிடுச்சு."

மை இன்னும் அழியாத கையை விரித்துக் காட்டினாள். லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ஜ் விதைப் பொட்டலத்தை மடித்து எழுந்தாள். "வாங்க, களத்துக்குப் போவோம். லோர்னா, நீயும்தான்."

களத்தில் பழைய நாலு பேரும் பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மார்ஜ் லோர்னாவைக் கூடைக்கு முன்னால், கெஸையா வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். கெஸையாவிடம் பந்தைக் கொடுத்தாள். தான் போய் நடுக்கோட்டில், லோர்னா வழக்கமாக நின்று கத்தும் இடத்தில் நின்றுகொண்டாள்.

"எனக்கு ஐம்பத்தாறு வயசு, மார்ஜ். முழங்கால் வேற..."

"ஒரே தடவைதான். இடது!"

பயிற்சி பயிற்சிதான். லோர்னா முழங்காலை மறந்து சட்டென்று இடது பக்கம் பாய்ந்து கையை விரித்தாள்.

"எந்தப் பக்கம் போனே?"

"இடது பக்கம். இடதுன்னுதானே கத்தினே?"

"கெஸையா தினமும் போறது அந்தப் பக்கம்தான்."

லோர்னா விரித்த கையை மடக்கவில்லை. எதிரே, ஒன்பது வருடமாகத் தான் நின்ற நடுக்கோட்டைப் பார்த்தாள். அங்கேயிருந்து இங்கே பார்த்தபடி நிற்பதாக நினைத்து, மெதுவாக அரைச்சுற்றுத் திரும்பினாள். இடது கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. மறுபடி திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் போயிற்று.

"ஐயோ! நான் என்னோட இடதையே சொல்லிட்டிருந்திருக்கேன்!"

நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றும் இல்லை.

"ஆனா இவங்க நாலு பேரும் சரியாத்தானே போனாங்க? அது எப்படி?" லோர்னா அணித்தலைவி பக்கம் திரும்பினாள். "பிரின்! என்னைப் பாத்துச் சொல்லு."

பிரின் காலணியின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"சேர்ந்த அன்னிக்கே சீனியருங்க ரகசியமாச் சொல்லிக் குடுத்துடுவாங்க கோச். நீங்க எந்தப் பக்கம்னு கத்தறீங்களோ, அதுக்கு எதிர்ப்பக்கம் போகணும்னு. அவங்களுக்கு அவங்க சீனியருங்க சொன்னது."

"ஒன்பது வருஷமாவா? என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் கோச். அதோட தடுப்பாட்டமும் நல்லாத்தானே போயிட்டிருந்தது? லீகிலேயே ரெண்டாவது."

"இவகிட்டயும் ஏன் சொல்லலை?"

"மூணு வருஷம் வேற காலேஜுல ஆடிட்டு வந்தவ. இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சோம்."

"எல்லா ஊர்லயும் கோச்சுங்க இப்படித்தான்னு நினைச்சீங்களாக்கும்!" கெஸையா பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். நாலு பேருக்கும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

சிரிப்பு ஓயும்வரை மார்ஜ் காத்திருந்தாள்.

"சரி லோர்னா, உன் முடிவு என்ன? சனிக்கிழமை அஞ்சாவது ஆளு யாரு?"

லோர்னா தன் பழைய நாலு பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"கெஸையாதான். நான் சொல்றதைக் கேக்கறவ ஒருத்தியாவது என் டீம்ல இருக்கட்டும்."