ரோட்டுப் பக்கத்துக் கொடி

“இது துவைச்ச சட்டையா, அடுப்பு துடைச்ச துணியா?”

வேலைக்குக் கிளம்பிய கணவன், வெள்ளைச் சட்டையை உதறியபடி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். தோள் முழுக்கக் கரி.

“துவைச்சதுதான். ரோட்டுப் பக்கத்துக் கொடியில காயப்போட்டேன்” என்றாள் மனைவி, இருமிக்கொண்டிருந்த மகளின் முதுகை நீவியபடியே.

“அறிவிருக்கா உனக்கு? போற லாரியெல்லாம் கரியைக் கக்கிட்டுப் போகுது. கொல்லைப் பக்கம் போட்டா கை நோகுமா?”

“கரியா? எல்லா லாரியிலயும் ‘புகை சரியா இருக்கு’ன்னு சீட்டு ஒட்டியிருக்கே!”

“எந்தக் குருடன் அதை ஒட்டினான்?”

“நீங்கதான்.”

வண்டிப் புகையைச் சோதித்துச் சான்று தருவதுதான் அவன் வேலை. அதில் பாதி வண்டிகளை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

“சரி... வேற சட்டை குடு.”

“எல்லாச் சட்டையும் அதே கொடியிலதான் காஞ்சுது. சட்டையையாவது மறுபடி துவைச்சுக்கலாம், இவ நெஞ்சைத் துவைக்க முடியுமா? பார்க்காம கையெழுத்துப் போடுறதை நீங்க நிறுத்துங்க. அன்னிக்கு நான் கொடியை மாத்துறேன்!”