தேர்வு முடிந்த பிறகு கண்ணாடி

பெட்டியைத் திறந்ததும் டீச்சருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே மூக்குக்கண்ணாடிகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. எல்லாம் அவளுடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள்.

மேலாக இருந்தது முத்துக்கனியுடையது.

"டெஸ்ட் முடிஞ்சதும் கொடுத்துடலாம் மேடம்."

சென்னையிலிருந்து அந்தப் பெட்டியோடு வந்திருந்த ஆராய்ச்சி மாணவன்தான் சொன்னான். கரும்பலகையின் மேல் கணக்குகள் அச்சடித்த பெரிய தாளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இவன்தான் வந்தான். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிப் படிக்க வைத்தான். போகும்போது ஆளுக்கொரு பென்சில் கொடுத்தான். முடிவைப் பற்றி மூச்சு விடவில்லை. கோளாறு இருந்தால் சொல்லியிருப்பார்களே என்று அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

இப்போது மார்ச்.

"முத்துக்கனிக்குக் கண்ணு தெரியலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூன்லயே தெரியும் மேடம். உங்க ஸ்கூல் கட்டுப்பாட்டுக் குழு."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தார்களாம். பாதிப் பள்ளிகளுக்கு அப்போதே கண்ணாடி. மீதிப் பாதிக்கு, இந்தப் பள்ளியும் அதில்தான், வருடக் கடைசியில். இரண்டு பக்கத்து மதிப்பெண்ணையும் வைத்துப் பார்த்தால், கண்ணாடி போட்டால் படிப்பு கூடுகிறதா என்று தெரிந்துவிடுமாம். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டதாம்.

கட்டுப்பாட்டுக் குழு. கேட்பதற்கு என்னவோ கோயில் கமிட்டி மாதிரி மரியாதையாகத்தான் இருந்தது.

கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கரும்பலகை தெரிந்தால் படிக்குமா? இது அவ்வளவு பெரிய சிதம்பர ரகசியமா?

அவளுக்குக் கோபம் பொங்கியது.

அவன் மேல் மட்டுமென்றால் பரவாயில்லை.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு முத்துக்கனியின் அம்மா, தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். "கண்ணுல எதுவும் கோளாறு இருக்குமோ டீச்சர்?" என்று அவளாகவேதான் கேட்டாள். பெற்றவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அதெல்லாம் மெட்ராஸ்ல இருந்தே வந்து பாத்துட்டாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. படிப்புலதான் நாட்டமில்ல."

சொல்லி அனுப்பியது இவள்தான். அந்த அம்மா வகுப்பு வாசலிலேயே பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் போனாள்.

பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று முத்துக்கனியைக் கடைசி பெஞ்சுக்குத் துரத்தியதும் இவள்தான். பாவம், வேறு எதைப் பார்த்து எழுதும் அந்தப் பிள்ளை?

ஒரு வார்த்தை. ஜூன் மாதத்தில் இவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தியளோ?"

கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. வரட்டும்.

அவன் முகம் வாடியது. "நிரூபிச்சுக் காட்டலன்னா கவர்ன்மென்ட் எல்லாப் பிள்ளைங்களுக்கும் எப்படி மேடம் கொடுக்கும்?"

அவன் குரலில் பொய் இல்லை. நல்ல பையன்தான். மனசார நம்பித்தான் சொல்கிறான்.

அதனாலேயே ஆத்திரம் இன்னும் ஏறியது.

கடைசி பெஞ்சில் முத்துக்கனி கண்ணை இடுக்கிக்கொண்டு, தொங்கும் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விடைத்தாளில் பெயரை எழுதிவிட்டாள். இன்னொரு தடவை தோற்பதற்குத் தயாராகிவிட்டாள்.

டீச்சர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"மேடம், அரை மணி நேரம்தான் மேடம். டெஸ்ட் மட்டும் முடிஞ்சிடட்டும்."

அவள் உறையைப் பிரித்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிள்ளையின் முடியை ஒதுக்கி, காதில் மாட்டிவிட்டாள்.

முத்துக்கனி கரும்பலகையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா டீச்சர்?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

பின்னாலிருந்து அவன் சமாதானமாகப் பேசினான். "சரி மேடம், இவ ஒருத்திய கணக்குல இருந்து விட்டுடறோம். மத்தவங்களுக்காவது டெஸ்ட் முடியிற வரைக்கும் வேண்டாம், ப்ளீஸ்."

விட்டுவிடுகிறார்களாம். ஒரு வருஷமாக விட்டது போதாதென்று.

அவள் விறுவிறுவென்று மேசைக்குத் திரும்பினாள். அடுத்த உறையை எடுத்தாள். அதிலிருந்த பெயரை வகுப்பே அதிரும்படி கூப்பிட்டாள்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பையன் பதறி எழுந்தான். அடிக்குக் கையை நீட்டவா, காதைப் பிடித்துக்கொள்ளவா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் ஒண்ணுமே செய்யல டீச்சர்."