பதினான்காவது கோடு

“மஞ்சள் எதுக்கு?” என்று கேட்டாள் சுலைஹா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ராஜாக்களோட நிறம்.”

“நீலம்?”

“மக்கள் எல்லாம் ஒத்துமையா இருக்கணும்னு.”

“தமிழ்ல சொன்னா அவங்களுக்கு எப்படிப் புரியும்? மலாய்ல சொல்லுங்க மேரிக்கா.”

லூர்து மேரி மலாயில் சொன்னாள். பாதியில் நாக்கு குழறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமா, ஆசையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பாக்கார் ஆராங்கில் இருவருக்கும் அடுத்தடுத்த கடை. சுலைஹாவுடையது சாப்பாட்டுக் கடை, மேரியுடையது தையல் கடை. ஆகஸ்ட் வந்துவிட்டால் மேரியின் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. சிவப்பும் வெள்ளையுமாகத் துணி மலைபோல் குவிந்து கிடக்கும். முப்பத்தோரு வருடமாக நாட்டுக் கொடி தைக்கிறாள். இன்றைக்குத் தன் சாப்பாட்டுக் கடையைக் கணவன் ஈசாவிடம் விட்டுவிட்டு, மேரியை அலோர் ஸ்டாருக்குக் காரில் அழைத்துப் போகிறாள் சுலைஹா.

“கொடி தைக்கிறவங்களே நீங்கதான். உங்களைக் கூப்பிட்டுக் கொடியைப் பத்தி மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் கோட்டை விட்டுட்டு வந்தீங்க. வெளிய சொன்னா சிரிப்பாங்க லாஹ்.”

“கைக்குத் தெரியுது, வாய்க்கு வரலையே. போன தடவை கோடு ஏன் பதினாலுன்னு கேட்டாங்க. பதிமூணு மாநிலம்னு சொல்லிட்டு, மிச்சம் ஒண்ணுக்கு முழிச்சுக்கிட்டு நின்னேன்.”

“இப்ப?”

“அது கூட்டரசுக்கு. முதல்ல பதினொரு கோடுதான் இருந்துச்சு. அறுபத்து மூணுல மலேசியா ஆனப்பதான் பதினாலாச்சு.”

“இதை அப்படியே அங்க சொல்லுங்க, போதும்.”

அந்த அரசாங்க அலுவலகத்தின் கூடத்தில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒருவர் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்ததைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். மேரியின் எண்ணைக் கூப்பிட்டதும் சுலைஹா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

“இந்தத் தடவை விட்டுடாதீங்க.”

உள்ளே இருந்த அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். சட்டையில் இஸ்ஸதி என்று பெயர் குத்தியிருந்தது. மலாயில்தான் கேட்டாள். சிவப்பு ஏன், வெள்ளை ஏன், பிறை எதற்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மேரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவள் குரல் தேறியது. பதினான்கு கோடுகளுக்கு வந்தபோது, பதினொன்று பதினான்கான கதையையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

இஸ்ஸதி பேனாவைக் கீழே வைத்தாள். “இவ்வளவும் எப்படித் தெரியும் மாக்சிக்?” என்று சொந்த அத்தையைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“நான் கொடி தைக்கிறவள், புவான்,” என்றாள் மேரி மரியாதையாக.

“அப்படியா? ஒருவேளை இதுகூட நீங்கள் தைத்ததோ?” மேசைமேல் இருந்த சின்னக் கொடியை எடுத்துச் சிரித்தபடி நீட்டினாள்.

மேரி அதை வாங்கி, தொழில் பழக்கத்தில் கோடுகளை எண்ணினாள்.

கொடி கீழ்விளிம்பில் சிவப்பாக முடிந்திருந்தது. வெள்ளையில் அல்லவா முடிய வேண்டும். நீலத்துக்குக் கீழே ஆறு கோடு வரவேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. கொடியில் சின்னத் தவறு வந்தாலும் ஊரே கொதிக்கிற காலம். அதை ஓர் அதிகாரியின் மேசையில், அவள் முகத்துக்கு நேராகச் சொல்வதா? அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் வந்த காரியம் முடிந்துவிடும். மூன்று தடவை தோற்றது போதாதா?

ஆனால் கை கொடியைக் கீழே வைக்க மறுத்தது.

“இது நான் தைத்தது இல்லை, புவான். இதில் ஒரு கோடு குறைகிறது.”

இஸ்ஸதியின் சிரிப்பு நின்றது. விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கொடியோடு எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

மேரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று மனது அடித்துக்கொண்டது. அடுத்த அறையில் யாரோ உரக்க எண்ணுவது கேட்டது.

இஸ்ஸதி திரும்பி வந்தபோது கூடவே நரைத்த மீசைக்காரர் ஒருவரும் வந்தார். பெரிய அதிகாரி போலிருந்தது. மேரியை ஒரு தரம், கொடியை ஒரு தரம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“இரண்டு வருஷமாக இந்த மேசையில் இருக்கிறது. நாங்கள் தினமும் இதை வைத்துத்தான் கேள்வி கேட்கிறோம். ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.” இஸ்ஸதியிடம் திரும்பி, “இவரிடம் இனி என்ன கேட்பது? போடு கையெழுத்தை” என்றார்.

வெளியே வந்த மேரியின் முகத்தைப் பார்த்ததுமே சுலைஹாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அல்லாஹ் கண் திறந்துட்டான்கா” என்று அவள் சொல்ல, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, இரண்டு பேரும் சிரிப்பும் அழுகையுமாக நின்றார்கள்.

“மாக்சிக்,” என்று பின்னாலிருந்து கூப்பிட்டபடி இஸ்ஸதி வந்தாள். “அவசரத்தில் இதை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.”

மேரியின் சிவப்பு அடையாள அட்டை. செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் அவள் பிறந்ததை அப்பா பதியாமல் விட்டதால், வாழ்நாளெல்லாம் அவள் சுமந்து திரிந்த அட்டை அது.

“மேலிடத்துக் கையெழுத்து ஆனதும் கடிதம் வரும். அப்போது இதைக் கொடுத்துவிட்டு நீல அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்,” என்றாள் இஸ்ஸதி. “அன்றிலிருந்து நீங்களும் மலேசியக் குடிமகள்.”