ஒரு தட்டுக்கு நாலு எழுத்து

“இதுவும் சரியில்ல லா,” என்று இரண்டாவது கீபோர்டையும் ஓரமாகத் தள்ளி வைத்தார் கணேசமூர்த்தி.

மலேசியாவில், லாபு எஸ்டேட் கிளினிக். ரந்தாவ் ஊரிலிருந்து வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். காலையிலிருந்து மூன்று இடத்தில் மூன்று பிரிண்டர், இது நாலாவது இடம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் அவருக்கு இருபத்தைந்து வருடம்.

நர்ஸ் ரதி சொன்ன கோளாறு சின்னதுதான். போன வாரம் கிளினிக் கம்ப்யூட்டரில் லினக்ஸை அப்டேட் செய்த பிறகு, அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி அழிக்க வேண்டியிருந்தது. பொத்தானை விடாமல் பிடித்தால் அதையே திரும்பத் திரும்ப அடிக்கும் ‘ரிப்பீட்’ செட்டிங்கில் அணைந்து கிடந்தது. அதைத் திறந்துவிட்டார். அழிக்கும் பொத்தான் ஓடியது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தன் பெயரை அடித்தபோது, ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்றாக விழுந்தது.

ரிப்பீட் தொடங்கும் நேரத்தைக் கூட்டினார். எழுத்துகள் அடங்கின, அழிக்கும் பொத்தான் மந்தமானது. குறைத்தார். எழுத்துகள் மறுபடி பெருகின. வருடக்கணக்காக எல்லா இடத்திலும் வைக்கிற அதே அளவுதான். இங்கே மட்டும் ஒத்துவரவில்லை.

“நோயாளிங்க பேரு இப்படி விழுந்தா மருந்து மாறிப் போயிருமேண்ணே.”

“தெரியுதும்மா. உள்ள போர்டே போயிருச்சோ என்னமோ. புது கம்ப்யூட்டர் கேட்டா மேனேஜர் என்னையத்தான் ஏசுவாரு.”

ரதி அவர் நிரப்பி வைத்திருந்த வேலைத்தாளை எடுத்துப் பார்த்தாள். “என்னண்ணே எழுதியிருக்கீங்க? இவ்ளோ பொடிசா இருக்கு, படிக்கவே முடியல.”

“அலுப்புதான். கொஞ்ச நாளாவே எல்லாம் அலுப்பா இருக்கு. ஒரு பொத்தான் பிரச்சினை, அதையே தீர்க்க முடியல பாரு. இந்த வேலையே போதும்னு தோணுது.”

“கொஞ்சம் எந்திரிங்க. நான் அடிச்சுப் பாக்குறேன்.”

ரதி உட்கார்ந்து பத்துப் பெயர்களை மளமளவென்று அடித்தாள். ஓர் எழுத்துகூடக் கூடுதலாக விழவில்லை.

நம்ப முடியாமல் கணேசமூர்த்தி குனிந்து ஒரே ஓர் எழுத்தை மட்டும் தட்டினார். நாலு விழுந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் நாலு.

ரதி திரையைப் பார்க்கவில்லை. பொத்தானை விட்டு எழ மனமில்லாததுபோல் மெல்ல உயர்ந்த அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைத்தாளின் பொடி எழுத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

“கீபோர்டுக்கு ஒன்னும் இல்லண்ணே, இது வெறும் அலுப்பும் இல்ல. உக்காந்து கைய இப்படி நீட்டுங்க.”