என்னைத் தேடாதீங்க

"ரீச்சர், நிதுர்ஷன் போனை எடுக்கான் இல்ல. எட்டுத் தரம் எடுத்துப் பாத்துட்டன்."

டிலக்சன் சொன்னதும் மேனுகா கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்தாள்.

ஆரையம்பதியில் அந்த வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பதினொரு பிள்ளைகள் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், பரீட்சையில் தவறியவர்கள், வீட்டில் வாயே திறக்காதவர்கள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் மேனுகாதான் நாலு வருடமாக அவர்களோடு இருந்து, கேட்டு, தேற்றி வருகிறாள். எல்லோரிலும் நிதுர்ஷனை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். பதினேழு வயது. போன மாசியில் உயிரை விடத் துணிந்தவனை அயல்வீட்டார்தான் காப்பாற்றினார்கள்.

"உனக்கு ஏதும் சொன்னானா?"

டிலக்சன் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். காலை ஏழு மணிக்கு வந்த செய்தி. 'இண்டைக்கு வரமாட்டன். ரீச்சருக்குச் சொல்லாத. என்னைத் தேடாதீங்க.'

"இத ஏன்டா இவ்வளவு நேரமும் சொல்லல்ல?"

அவன் அழுதேவிட்டான். மேனுகா அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினாள்.

நிதுர்ஷனின் தாய் வசந்தாதேவி முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

"வகுப்புக்கெண்டுதானே ரீச்சர் வெளிக்கிட்டான்! ஆரோ போன் எடுத்த. முகமெல்லாம் வெளிறிப் போச்சு. தேத்தண்ணியும் குடிக்கல்ல, சைக்கிளை எடுத்துட்டு ஓடினான்." மேனுகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவனோட ஒண்டாப் படிச்சவதானே உங்கட மகள் தனுஷியா. விடியவே ரியூசனுக்குப் போற அந்தப் புள்ளையால உங்களுக்கு ஒரு கவலை உண்டா? எனக்கு மட்டும் ஏன் ரீச்சர் இப்படி?"

"அழாதீங்க. நான் கூட்டிட்டு வாறன்."

சொல்லிவிட்டு, தாய் கை காட்டிய வாவிக்கரை வீதியில் ஸ்கூட்டியைத் திருப்பினாள். போன கிழமை அவன் கேட்டது நெஞ்சுக்குள் குத்தியது. 'ரீச்சர், வீட்டில இரிக்கிறவங்களுக்கே தெரியாம ஒராள் உள்ளுக்குள்ள உடைஞ்சு போனா என்ன செய்யிற?' அடுத்த சனிக்கிழமை ஆறுதலாகக் கதைப்போம் என்று அனுப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை இன்றுதான்.

மேனுகா விசாரித்ததும், கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த கோணாமலை நிமிர்ந்து பார்த்தார்.

"நீலச் சைக்கிளா? அந்தக் கண்டல் மரப் பத்தைக்குள்ள கிடக்கு புள்ள. ஆளைக் காணல்ல."

மேனுகா ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சேறு காலை இழுத்தது. சைக்கிள் சரிந்து கிடந்தது. டிலக்சன் மறுபடி எண்ணை அழுத்தினான். சைக்கிள் கூடைக்குள் போன் மணியடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"நிதுர்ஷன்!" தொண்டை கிழியக் கத்தினாள்.

"சத்தம் போடாதீங்க ரீச்சர்."

கண்டலுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக வந்தது குரல். கொப்புகளை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றான் நிதுர்ஷன். உயிரோடு! மேனுகா கையை நீட்டினாள்.

"வா மனே, கரைக்கு வா. என்ன எண்டாலும் கதைப்பம்."

"நான் வருவன் ரீச்சர். இவவையும் கூட்டிட்டுத்தான் வருவன். விடியத்தில இருந்து கதைச்சுக் கதைச்சுப் பிடிச்சு வெச்சிரிக்கன். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிட்டா."

அப்போதுதான் அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த இன்னொரு கையை மேனுகா பார்த்தாள்.

நனைந்த கூந்தலுக்குள்ளிருந்து முகத்தைத் தூக்காமலே, "அம்மா..." என்றாள் தனுஷியா.